தாத்தா இருந்த பேட்டரி எது? பீரங்கி, வான்காப்பு ரெஜிமெண்டுகளின் பரம்பரையைத் தேடும் வழி

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு மெடல், ஒரு டிஸ்சார்ஜ் புக், முனை மடங்கிய ஒரு குரூப் போட்டோ கட்டாயம் இருக்கும். எங்கள் வேலூர் பக்கம் அப்படி ஒரு வீடாவது இல்லாத தெரு குறைவு. "தாத்தா தோப்கானாவில் (பீரங்கிப் படையில்) இருந்தாராம், எந்த ரெஜிமெண்ட் என்று மட்டும் தெரியவில்லை" என்று பேரப்பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது வழக்கம். நான் ஒரு ஏர் டிஃபன்ஸ் (வான்காப்பு) ரெஜிமெண்டில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ரெஜிமெண்டின் டைஜஸ்ட் ஆஃப் சர்வீஸ், அதாவது படைப்பிரிவு எங்கே போனது, என்ன செய்தது என்று வருடா வருடம் எழுதி வைக்கும் பதிவேடு, பல காலம் என் மேஜையில்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ரெஜிமெண்டைத் தேடாதீர்கள், பேட்டரியைத் தேடுங்கள்.

காலாட்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது ஒரு பெரிய குடும்பம். அதன் பெயரை வைத்தே பின்னோக்கிப் போய்விடலாம். பீரங்கிப் படை அப்படி இல்லை. ரெஜிமெண்ட் ஆஃப் ஆர்டிலரி என்பது மொத்தப் படைக்கும் சேர்த்து ஒரே பெயர். அதற்குள் எண் போட்ட ரெஜிமெண்டுகள், ஒவ்வொன்றும் காலாட்படையின் ஒரு பட்டாலியன் அளவு. ஒரு ரெஜிமெண்டுக்குள் பொதுவாக மூன்று பேட்டரி, பேட்டரிக்கு ஆறு பீரங்கி. இதில் வயதில் மூத்தது பேட்டரிதான். இன்றைய இந்திய ராணுவத்தில் மிகப் பழைய பேட்டரி 1827 செப்டம்பர் 28 அன்று பம்பாய் ஃபுட் ஆர்டிலரியின் கோலந்தாஸ் (இந்தியப் பீரங்கி வீரர்கள்) பட்டாலியனில் எட்டாவது கம்பெனியாக எழுப்பப்பட்டது. 5 பாம்பே மவுண்டன் பேட்டரி என்று பெயர். இப்போது 57 ஃபீல்டு ரெஜிமெண்டில் இருக்கிறது. பீரங்கி வீரர்களின் தினமான கன்னர்ஸ் டே செப்டம்பர் 28-இல் வருவது இதனால்தான். ஆனால் இந்தியர்களைக் கொண்ட முதல் ஃபீல்டு ரெஜிமெண்ட் பெங்களூரில் 'ஏ' ஃபீல்டு பிரிகேடு என்ற பெயரில் 1935 ஜனவரி 15 அன்றுதான் வந்தது. இடையில் நூறு வருடத்துக்கு மேல்.

அந்த நூறு வருடத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் தேடலில் பாதி வேலை முடிந்துவிடும். 1857 எழுச்சிக்குப் பிறகு பெரிய பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க பிரிட்டிஷார் பயந்தார்கள். பழைய இந்திய பீரங்கிப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்தார்கள். எல்லைப்புற மலைகளுக்கு வேண்டிய சிறு மலைப் பீரங்கிகளை மட்டும் விட்டு வைத்தார்கள். ஆகவே 1935-க்கு முன் ஒருவர் இந்திய ராணுவத்தில் கன்னராக இருந்தார் என்றால், அது கிட்டத்தட்ட எப்போதும் ஒரு மவுண்டன் பேட்டரிதான். அவற்றில் பெரும்பாலும் சீக்கியர்களையும் பஞ்சாபி முஸ்லிம்களையும்தான் சேர்த்தார்கள். 1935-இல் வந்த 'ஏ' ஃபீல்டு பிரிகேடில்தான் மெட்ராஸ் ஆட்களுக்கென்று ஒரு பேட்டரி கிடைத்தது. "எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பீரங்கி சுட்டார்" என்று தமிழ்க் குடும்பத்தில் யாராவது சொன்னால், அவர் டிரைவராகவோ வேறு பணியிலோ இருந்தாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் போர்ப் பணிதான், மரியாதை குறையாது. ஆனால் தேட வேண்டிய ஏடு மாறிவிடும்.

எண் மாறும் கணக்கு

அடுத்து எண். நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாம்பே பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அதன் எண் 5. 1903-இல் அப்போதைய தலைமைத் தளபதி கிச்சனர் ராணுவம் முழுவதற்கும் எண் மாற்றியபோது இந்திய மலை பேட்டரிகளின் எண்ணோடு இருபதைக் கூட்டினார்கள். 5 என்பது 25 ஆனது. 1920-களின் தொடக்கத்தில் பேக் பேட்டரி என்று பெயரை மாற்றி 105 ஆக்கினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் மறுபடி மவுண்டன் பேட்டரி, மறுபடி 5. ஒரே பேட்டரி, ஒரே ஆட்கள், நான்கு காகிதத்தில் மூன்று எண். கோஹாட் பேட்டரி இதே மாதிரி 1, 21, 101, 1. ஜேக்கப்ஸ் பேட்டரி 6, 26, 106, 6. மெடலிலோ கடிதத்திலோ ஓர் எண்ணைப் பார்த்தால் உடனே வருடத்தையும் பாருங்கள். வருடம் இல்லாத எண் உதவாது.

எண் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடவும் கூடாது. முதல் உலகப் போர்க் காலத்து 27 மவுண்டன் பேட்டரி, பெங்கால் பேட்டரி. பழைய எண் 7. இன்றைய 27 ஏர் டிஃபன்ஸ் ரெஜிமெண்ட் வேறு வழியில் வந்தது. அமிர்தசரஸ் ஏர்ஃபீல்டு என்ற ஹானர் டைட்டில், அதாவது போரில் காட்டிய சிறப்புக்குத் தரும் பட்டம், அதற்கு உண்டு. இரண்டுக்கும் பொது அந்த 27 மட்டும்தான். பரம்பரை என்று ராணுவம் ஏற்றுக்கொள்வது, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்று வந்தது என்று உத்தரவு எழுதப்பட்டிருந்தால்தான். பெயர் மாற்றம், வேலை மாற்றம், இணைப்பு, பிரிப்பு எல்லாவற்றுக்கும் உத்தரவுக் காகிதம் இருக்கும். அதைத்தான் நாம் தேடுகிறோம்.

வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். ராணுவ எண், சேர்ந்த தேதி, கடைசியாக இருந்த யூனிட், மெடல் பட்டியல் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். யூனிட் பெயர் சுருக்கி எழுதியிருக்கும்: 'எஃப்டி' என்றால் ஃபீல்டு, 'மெட்' மீடியம், 'எம்டிஎன்' மவுண்டன், 'எல்டி' லைட், 'எஸ்பி' என்றால் தானே ஓடும் வண்டி மேல் பொருத்திய பீரங்கி, 'ஏடி' ஏர் டிஃபன்ஸ். கிளார்க் கையெழுத்தில் 'எம்டிஎன்' என்பதும் 'மெட்' என்பதும் ஒன்று போலத் தெரியும். இன்னொரு பக்கத்தில் அதே பெயர் வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள். பென்ஷன் உத்தரவான பிபிஓவிலும் பாருங்கள்.

பழைய கடித உறையில் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று இருப்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அது ராணுவத் தபால் ஏற்பாடு, ஊர் பெயர் அதில் வராது. உறையில் நமக்கு வேண்டியது யூனிட் பெயரும் தபால் முத்திரைத் தேதியும்.

மெடலின் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய மெடல்களில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். படையைப் பொதுவாக ஆர்டிலரி என்று சொல்லி விட்டுவிடும். முதல் உலகப் போர் மெடல்களில் பேட்டரியே இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாம் உலகப் போர் நட்சத்திர மெடல்களில் பெயர் பொறித்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர் இல்லாத பர்மா ஸ்டார் கையில் இருந்தால் பர்மா களம் என்பது தெரியும், யூனிட் தெரியாது. பொறித்த எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் வழியாகவோ நேராகவோ நாசிக் ரோடு கேம்பில் உள்ள ஆர்டிலரி ரெக்கார்ட்ஸுக்கு எழுதலாம். ஏர் டிஃபன்ஸ்காரர்களும் 1994-க்கு முன் ஓய்வு பெற்றிருந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் தனி ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது விதி. ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு அதற்குப் பிறகும் இருக்கும். ஆகவே கடிதத்தில் "சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "லாங் ரோலில் உள்ள விவரம்" என்று தனியாகக் கேளுங்கள். இந்த ஒரு வரி பல குடும்பங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

போட்டோவில் பீரங்கியைப் பாருங்கள்

குரூப் போட்டோவில் எல்லோரும் முகத்தைத்தான் தேடுவார்கள். நீங்கள் பின்னால் நிற்கும் பீரங்கியைப் பாருங்கள், காலமும் யூனிட் வகையும் அதில் தெரியும். அடியில் வண்டிச் சக்கரம் போல் வட்டமான இரும்புத் தளம், முன்னால் தடுப்புத் தகடு: 25 பவுண்டர், ஃபீல்டு ரெஜிமெண்ட். ஆளை விடப் பல மடங்கு நீளக் குழல், அதன் நுனியில் துளைத் துளையாக ஒரு கூடு: ரஷ்யாவின் 130 மி.மீ., மீடியம் ரெஜிமெண்ட். 155 மி.மீ. போஃபர்ஸ் என்றால் ஒப்பந்தமே 1986-இல்தான், படம் அதற்குப் பின். செயின் வண்டி மேல் நான்கு மெல்லிய குழல், பின்னால் ரேடார் தட்டு: ஷில்கா, எஸ்பி ஏர் டிஃபன்ஸ்.

எங்கள் எல்-70 பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. குண்டு; குழலின் நீளம் அதைப் போல எழுபது மடங்கு, அதாவது 2.8 மீட்டர். பெயரில் உள்ள 70 அதுதான். குறி பார்ப்பவர்கள் பீரங்கியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். லோடர் பின்னால் மேடையில் நின்று, நான்கு குண்டு கோத்த கிளிப்பை மேலிருந்து இறக்குவார். சுடும்போது நிமிடத்துக்கு 240-க்கு மேல் போகும் என்பதால் ஒரு கிளிப் ஒரு நொடியில் காலி. அடுத்த கிளிப் அதற்குள் அவர் கையில் இருக்க வேண்டும். போட்டோவில் ஒருவர் மட்டும் பீரங்கியின் பின்மேடையில் கிளிப்பைப் பிடித்து நிற்கிறார் என்றால் அவர்தான் லோடர். பக்கத்தில் தரையில் நிற்கும் ஹவில்தார் நம்பர் ஒன், அந்த டெட்டாச்மெண்டின் தலைவர். உங்கள் தாத்தா எங்கே நிற்கிறார் என்பதை வைத்து என்ன வேலை பார்த்தார் என்று ஊகிக்கலாம்.

ஹானர் டைட்டில்

காலாட்படைக்குக் கொடி உண்டு, போர்களின் பெயரை அதில் பொறிப்பார்கள். கன்னருக்கு அவன் பீரங்கிதான் கொடி. எங்கும் போரிட்டவர்கள் என்பதால் பீரங்கிப் படையின் வாசகத்திலேயே 'சர்வத்ர' என்று வைத்துவிட்டார்கள். தனிச் சிறப்பாகப் போரிட்ட ரெஜிமெண்டுக்கோ பேட்டரிக்கோ ஹானர் டைட்டில் தருவார்கள்: பூஞ்ச், ஓபி ஹில், கார்கில் என்று. தேடுபவருக்கு இது பெரிய துப்பு. தரைப்படைத் தலைவராக 2000 முதல் 2002 வரை இருந்த ஜெனரல் பத்மநாபன் கன்னர்தான். 1970-களின் கடைசியில் அவர் சி.ஓ.வாக, அதாவது ரெஜிமெண்டின் தலைமை அதிகாரியாக, இருந்தது கஸாலா மவுண்டன் ரெஜிமெண்டில். கஸாலா லிபியப் பாலைவனத்தில் 1942-இல் நடந்த சண்டை. மலை ரெஜிமெண்டுக்குப் பாலைவனத்தின் பெயர் எப்படி? பீரங்கியும் வேலையும் மாறின, பிரிவு தொடர்ந்தது, பட்டம் கூடவே வந்தது. டைட்டில் கடந்த காலத்தைச் சொல்லும். ஃபீல்டு, மவுண்டன் என்ற சொல் அந்த நேரத்து வேலையைச் சொல்லும்.

அதே கஸாலா சண்டையில்தான் பிர் ஹகீம் பக்கம் 1942 மே மாதம் 2 ஃபீல்டு ரெஜிமெண்டின் ஒரு பேட்டரியை நடத்தி டி.எஸ்.ஓ. என்ற வீர விருது பெற்றார் நம் குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை, மெட்ராஸ் மாகாண முதல்வராக இருந்த சுப்பராயனின் மகன். பிறகு போர்க் கைதியாகி, மீண்டு வந்து, 1966-இல் தரைப்படைத் தலைவரானார். தமிழ்நாட்டில் இந்தப் பெயரை இன்னும் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹவில்தார் உம்ராவ் சிங்கையும் சொல்லியாக வேண்டும். 1944 டிசம்பர் 15, 16. பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கு. ஜப்பானியர் திரும்பத் திரும்ப ஏறி வந்தபோது, குண்டு தீர்ந்த நிலையில், பீரங்கியைத் தூக்க உதவும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துப் போரிட்டார். மறுநாள் பீரங்கிப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தவரைச் சுற்றி எதிரிகள் பத்துப் பேர் இறந்து கிடந்தார்கள். பீரங்கி கைவிட்டுப் போகவில்லை. விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவரைத் தேடினால் 30 மவுண்டன் ரெஜிமெண்ட், 33 மவுண்டன் பேட்டரி என்று இரண்டும் வரும். இரண்டு எண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே தேடும் இடங்கள்

1947-க்கு முந்தைய இந்தியன் ஆர்மி லிஸ்ட் புத்தகங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழைய பதிப்புகளில் ஒவ்வொரு யூனிட்டின் தலைப்பிலும் எப்போது எழுப்பப்பட்டது, முன்பு என்ன பெயர் என்று இருக்கும். பரம்பரைக்கு இதை விட நேரான ஆதாரம் இல்லை. விருது பெற்றவர் என்றால் லண்டன் கெசட்டும், சுதந்திரத்துக்குப் பிந்தையவர்களுக்கு பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுத் தளமும் இருக்கின்றன.

உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் யூனிட் பெயரை வைத்தே தேடலாம். பர்மாவில் இறந்த இந்தியர்களில் பெரும்பாலோர் பெயர் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

யூனிட் அன்றாடம் எழுதிய வார் டைரி வேண்டும் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பர்மாவுக்கு டபிள்யூஓ 172, மத்திய கிழக்குக்கு டபிள்யூஓ 169, இத்தாலிக்கு டபிள்யூஓ 170. லண்டனில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் ஒரு சனிக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்பினால் போதும். இந்தியப் பக்கம் 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுக்குள் திறக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம்.

1947-ஐ மறக்காதீர்கள். பீரங்கிப் படையும் அன்று பிரிந்தது. பாம்பே பேட்டரி இங்கே நின்றது. கோஹாட், டெராஜாட், ஜேக்கப்ஸ் பேட்டரிகள் பாகிஸ்தானுக்குப் போயின. 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு கரையேறியவை 21 கோஹாட்டும் 26 ஜேக்கப்ஸும்தான். குழலை இரண்டு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதை மேல் ஏற்றி, மேட்டில் மறுபடி திருகி மாட்டிச் சுட்டவர்கள். அந்த ஆட்களில் சீக்கியர்களின் குடும்பங்கள் இன்று இந்தியாவில், பேட்டரி எல்லைக்கு அப்பால். ஆளின் வழியும் பேட்டரியின் வழியும் பிரியும் இடம் இது. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

வான்காப்பு மட்டும் தனி

இந்திய விமான எதிர்ப்புப் பிரிவுகள் இரண்டாம் உலகப் போரின் பிள்ளைகள். பயிற்சி மையம் 1940-இல் பம்பாய் கொலாபாவில் தொடங்கி, அடுத்த வருடம் கராச்சிக்கு மாறியது. ஹெவி ஆன்ட்டி ஏர்கிராஃப்ட், லைட் ஆன்ட்டி ஏர்கிராஃப்ட் என்ற பெயர்கள் பிறகு ஏர் டிஃபன்ஸ் ஆயின. 1994 ஜனவரி 10 வரை எல்லாம் ஆர்டிலரிக்குள்தான். அன்றுதான் தனிப் படையாகப் பிரிந்தோம். 2005-இல் ஆர்மி ஏர் டிஃபன்ஸ் என்ற இன்றைய பெயர். ஆகவே 1980-களில் ஓய்வு பெற்றவர் டிஸ்சார்ஜ் புக்கில் 'ஆர்டிலரி' என்றிருந்தாலும் அவர் ஏர் டிஃபன்ஸ்காரராக இருக்கலாம். யூனிட் பெயரில் 'ஏடி' இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் இந்த வரலாறே வேறு. அங்கே 1907-இல் பீரங்கிப் படை களப் பீரங்கி, கடலோரப் பீரங்கி என்று பிரிந்தது. கடலோரப் பீரங்கி 1950-இல் முடிவுக்கு வந்தது, 1968 ஜூன் 20 அன்று வான்காப்பு தனிப் பிரிவானது. அதனால் அங்குள்ள வான்காப்பு ரெஜிமெண்டுகள் பலவற்றின் வேர், துறைமுகத்தைக் காத்த கடலோரப் பீரங்கிகளில் இருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பரம்பரைச் சான்றிதழே எழுதிக் கொடுக்கிறார்கள். ஐந்தாவது ஃபீல்டு ஆர்டிலரியின் முதல் பட்டாலியன், அலெக்சாண்டர் ஹாமில்டன் 1776-இல் நடத்திய கம்பெனி வரை ஆதாரத்தோடு போகிறது. நம் ரெஜிமெண்டுகளுக்கும் அப்படி ஒரு பொதுச் சான்றிதழ் வர வேண்டும்.

சென்னையின் சொந்தப் பரம்பரையும் ஒன்று வெளியே இருக்கிறது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மெட்ராஸ் ஹார்ஸ் ஆர்டிலரி என்ற குதிரைப் பீரங்கிப் படையை எழுப்பினார்கள். மெட்ராஸ் பீரங்கிகளின் தலைமையிடம் பரங்கிமலை. கம்பெனி ஆட்சி போன பின் அது பிரிட்டனின் ராயல் ஆர்டிலரியில் சேர்ந்து, 1889-இல் ஜே பேட்டரி ஆனது. 1941-இல் லிபியாவின் சிதி ரெஸெக்கில் போரிட்டு அந்தப் பெயரையே பட்டமாக வாங்கியது.

கடைசி வேலை கடிதம். பேட்டரியும் ரெஜிமெண்டும் தெரிந்த பிறகு அந்த ரெஜிமெண்டின் சி.ஓ.வுக்கு எழுதுங்கள். யூனிட் பெயர் போட்டு, 56 ஏபிஓவோ 99 ஏபிஓவோ, எது அதன் தபால் முகவரியோ அதற்கு அனுப்பினால் போய்ச் சேரும். ஒரே பக்கம், தாத்தாவின் எண், பதவி, பெயர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம், எந்த பேட்டரி. மூலத்தை அனுப்பாமல் போட்டோவின் நல்ல பிரதியை மட்டும் வையுங்கள். பின்பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவரை எழுதி, ரெய்சிங் டேவுக்கு (ரெஜிமெண்ட் எழுப்பப்பட்ட நாள்) இரண்டு மாதம் முன்பே போய்ச் சேரும்படி அனுப்புங்கள். அந்த நேரத்தில்தான் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டுவார்கள், சுபேதார் மேஜரும் பழைய ஆட்களின் பட்டியலைத் தேடிக்கொண்டிருப்பார்.